வீரமாமுனிவர் சரி... ஏலாக்குறிச்சி?

'தேம்பாவணியை இயற்றியவர் யார்?' இந்த ஒரு மதிப்பெண் கேள்வியைத் தாண்டாமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. வீரமாமுனிவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்தார். சதுரகராதி தந்தார். தொன்னூல் விளக்கம் எழுதினார். எ, ஏ, ஒ, ஓ குழப்பத்தைத் தீர்த்து வைத்தார். பரமார்த்த குரு கதை எழுதிச் சிரிக்க வைத்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்து விடுவோம்.

சரி, இதையெல்லாம் எழுதிய காலத்தில் மனிதர் எந்த ஊரில் இருந்தார்? இந்தக் கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

ஊரின் பெயர் ஏலாக்குறிச்சி. எங்கள் அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியம். கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம். ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர்ச் சீமை. அவருடைய நூல்கள் வரிசையாக வந்த 1720-களிலும் 30-களிலும் அவருடைய முக்கியமான இருப்பிடம் இந்தச் சின்ன ஊர்தான். அங்கிருக்கும் அடைக்கல மாதா கோயிலோடு அவர் பெயர் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்குத் திருக்காவலூர் என்று தமிழ்ப் பெயர் சூட்டி, திருக்காவலூர்க் கலம்பகம் என்று ஒரு சிற்றிலக்கியமே பாடியிருக்கிறார்.

வீரமாமுனிவர் தமிழுக்கு என்ன செய்தார் என்று கட்டுரைப் போட்டிகளில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. ஏலாக்குறிச்சி வீரமாமுனிவருக்கு என்ன செய்தது என்பதுதான் இந்தப் பதிவு. அதை இத்தனை நாளாக யாரும் எழுதாமல் இருப்பது அந்த ஊருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, நம் இரண்டு மாவட்டங்களுக்குமே நஷ்டம் என்பது என் கட்சி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. இது மதப் பிரச்சாரமும் இல்லை, மத எதிர்ப்பும் இல்லை. பழுவேட்டரையர் கோயிலைப் பற்றி எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

ஏன் 'அடைக்கலம்'?

அடைக்கலம், காவல். ஒரு கோயிலின் பெயரிலும் ஊரின் பெயரிலும் இந்த இரண்டு சொற்கள் சும்மா வந்து உட்காரவில்லை.

அந்தக் காலத்து வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர் மராட்டியர் ஆட்சி. வடக்கே அரியலூரில் மழவராயர், அதற்கும் கிழக்கே உடையார்பாளையம் பாளையக்காரர். ஆறு என்பது வெறும் ஆறு இல்லை, எல்லைக்கோடு. 1701-ஐ ஒட்டி, ஷாஜி மன்னர் காலத்தில், தஞ்சைப் பகுதியில் கிறிஸ்தவர்கள் மேல் கடுமையான கெடுபிடி நடந்தது. தப்பிக்க நினைப்பவனுக்கு இருந்த மிக நெருக்கமான வழி, ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும் நாளில் மணலில் இறங்கி இந்தப் பக்கம் ஏறிவிடுவதுதான். இந்தப் பக்கம் வேறு அரசன், வேறு சட்டம்.

ஆக, ஏலாக்குறிச்சிப் பங்கின் கதை இத்தாலியில் ஆரம்பிக்கவில்லை. மூட்டை முடிச்சோடு ஆறு தாண்டியவர்களிடமும், அவர்களை 'வந்தேறி' என்று விரட்டாமல் இருக்கவிட்ட ஊர்க்காரர்களிடமும் ஆரம்பிக்கிறது. (கத்தோலிக்கர்கள் ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் மொத்தமாகப் 'பங்கு' என்பார்கள். அதற்குப் பொறுப்பானவர் பங்குச்சாமியார்.) பெஸ்கி தமிழ்நாட்டுக்கு வந்ததே 1711 வாக்கில்தான். அவரும் தெற்கே பிடிபட்டுச் சாவின் விளிம்பு வரை போய் மீண்டவர். அவருக்கும் இந்த ஊர் ஒருவிதத்தில் அடைக்கலம்தான்.

நிலம் கொடுத்தவர்

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்து, எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாமல், கடைசியில் முனிவர் வந்து குணப்படுத்தினாராம். மன்னர் மகிழ்ந்து கோயிலுக்கு நிலம் கொடுத்தாராம். புண் ஆறியது மண்ணாலா, மருந்தாலா, மாதாவாலா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது நம்பிக்கை சார்ந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது நிலம். அந்தக் கொடையைச் சொல்லும் கல் ஒன்று கோயிலில் இருக்கிறது. ஒரு சைவ, வைணவக் கோயிலுக்கு எப்படி மானியம் விட்டாரோ அதே மாதிரி ஓர் அரியலூர்ப் பாளையக்காரர் மாதா கோயிலுக்கும் விட்டிருக்கிறார். இதை 'மத நல்லிணக்கம்' என்று இன்றைய மேடைப் பேச்சுச் சொல்லால் சுருக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்கு ராஜதந்திரக் கணக்கும் இருந்திருக்கலாம். எல்லையில் ஒரு குடியிருப்பு நிலைத்தால் காடு விளைநிலமாகும், வரி வரும், ஆள் பலம் கூடும். அந்தக் காலத்து அரசர்கள் யாரும் நிலத்தைக் கணக்கில்லாமல் கொடுத்தவர்கள் இல்லை.

ஆனால் கொடுத்த வம்சத்தின் நிலைமை என்ன ஆயிற்று? 1760-களில் ஆற்காட்டு நவாபின் படைகள் அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தன. பிறகு கம்பெனி ஆட்சி. பிறகு திருச்சி ஜில்லா. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அரியலூர் மாவட்டம். 2002-ல் அது கலைக்கப்பட்டு மறுபடி பெரம்பலூர். 2007-ல் மறுபடி அரியலூர். மாவட்டத்தையே ஏழு வருஷத்துக்குள் உருவாக்கி, கலைத்து, மறுபடி உருவாக்கிய பெருமை நமக்கு உண்டு :-) இத்தனை ஆட்சி மாற்றத்துக்கும் நடுவில் அந்தப் பங்கு அப்படியே இருக்கிறது.

பெயர் தெரியாத வாத்தியார்கள்

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன்.

முப்பது வயது கடந்து ஒரு வெளிநாட்டவர் இங்கே வந்து இறங்குகிறார். பின்னால் அகர வரிசை அகராதி ஒன்றை அவரே எழுதினார்! அவருக்குச் செந்தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்று சொல்வார்கள். நல்லது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு கொண்ட தேம்பாவணிக்கு அந்தப் பாடம் போதும்.

ஆனால் அதே மனிதர் கொடுந்தமிழுக்கும் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் என்றால் வேறொன்றும் இல்லை, நீங்களும் நானும் வீட்டில் பேசுகிற தமிழ். புலவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத மொழி. அதற்கு 1728-ல் ஓர் இலக்கணம். எந்தக் கவிராயர் அதைச் சொல்லித் தந்திருப்பார்? ஒரு கவிராயரும் தந்திருக்க மாட்டார். பாவசங்கீர்த்தனம் சொல்ல வந்த கிழவி, மாடு மேய்த்தவர், ஓலை கொண்டுவந்தவர், வாய்க்கால் தகராறைத் தீர்க்கச் சொல்லி வந்த இரண்டு பங்காளிகள், இவர்கள்தான் அந்த இலக்கணத்துக்கு வாத்தியார்கள். ஒரு பங்குச்சாமியாரின் வேலையே நாள் முழுக்க ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதுதானே! பரமார்த்த குரு கதையின் உரைநடை ஏன் இன்றும் படிக்க முடிகிறது என்பதற்கு இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அடுத்து வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். ஒரு சாமியாருக்கு எத்தனையோ ஊர்கள், நடந்தோ குதிரையிலோ போக வேண்டும். அவர் வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்து, சாகக்கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்து, சண்டையை விலக்கிவிட்டுப் பங்கை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள். இவர்களுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்று ஒரு நூலை எழுதினார் முனிவர். நூலின் பெயர் நமக்குத் தெரியும். அதைப் படித்த ஒரு வேதியரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

அவர் போன பிறகு நடந்ததைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுவாகிறது. 1759-ல் போர்ச்சுகல் அரசு சேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-ல் போப்பாண்டவரே அந்தச் சபையைக் கலைத்தார். ஐரோப்பாவிலிருந்து புதிய ஆள் வருவது நின்றுபோனது. அதன்பின் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு மிஷனரிகளின் கைக்கு இந்தப் பகுதி வந்தது. 1899-ல் கும்பகோணம் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன் கீழ் வந்தது. இப்படித் தலைமை கைமாறிய, சாமியார் எப்போதாவது வந்துபோன பல ஆண்டுகளில் கோயிலுக்கு விளக்கேற்றியது யார்? கூரை மாற்றியது யார்? ஊர்தான்.

இங்கிலாந்தில் ஒரு கிராமம்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் செல்போர்ன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே கில்பர்ட் ஒயிட் என்று ஒரு பாதிரியார். அவர் தன் பங்கில் என்ன பறவை எப்போது வருகிறது, மழை எவ்வளவு பெய்தது, பழைய மடம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று உட்கார்ந்து எழுதினார். 1789-ல் புத்தகமாக வந்தது. புத்தகத்தின் தலைப்பிலேயே ஊர்ப் பெயர் இருக்கிறது. இன்றும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அங்கே ஒரு சாமியாரால் ஊர் பிரபலமானது. இங்கே ஊரில் இருந்த சாமியார் பிரபலமானார், ஊர் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்று. இங்கிலாந்தில் 1538-லிருந்து ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணை. வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அந்த நோட்டுகளை, 20-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக ஆர்வலர்கள் எண்ணிக் கொடுத்தார்கள். வரலாற்றாசிரியர்கள் 404 பங்குகளின் பதிவேடுகளை வைத்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லாத காலத்து இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றைக் கட்டி எழுப்பி 1981-ல் வெளியிட்டார்கள். எந்த ஆண்டு பஞ்சம், எந்த ஆண்டு கொள்ளைநோய், எத்தனை வயதில் கல்யாணம், எல்லாம் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1978-ல், நூறு ஆண்டு தாண்டிய பதிவேடுகளைப் பாதுகாப்பு வசதி உள்ள ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க ஆங்கிலிக்கத் திருச்சபை விதி செய்துவிட்டது.

கத்தோலிக்கர்களுக்கும் இதே கடமை உண்டு. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. பழைய பதிவேடுகளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. ஆக ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை, தென்னூர் மாதிரிப் பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள நம் பகுதியில் இது எவ்வளவு பெரிய சொத்து என்று யோசியுங்கள். நம் நாட்டில் அரசாங்கம் பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்தது 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். கல்வெட்டில் பெயர் வர வேண்டுமானால் நிலம் கொடுத்திருக்க வேண்டும். ஞானஸ்நான நோட்டில் பெயர் வரப் பிறந்தால் போதும். காணி நிலம் இல்லாத கூலிக்காரரின் மகள் பெயரும் அதில் வரும்.

கசப்பான பகுதியும் உண்டு

எல்லாம் பொன்னான காலம் என்று சொல்ல வரவில்லை. மதுரை மிஷன் சாதியை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனி இடம், அவர்கள் வீட்டுக்குள் சாமியார் போவதில்லை, இப்படி. நோயாளிகளான அவர்கள் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று 1704-ல் போப்பின் தூதர் புதுச்சேரியில் ஆணையிட்டார். அதற்கு எதிர்ப்பு, மேல்முறையீடு என்று இழுத்து, 1744-ல்தான் ரோமாபுரி அந்த விவகாரத்துக்குக் கடைசித் தீர்ப்பு சொன்னது. அப்போதும் வந்த வழி, அவர்களுக்கென்று தனி மிஷனரிகளை வைப்பது! பெஸ்கி இங்கே இருந்த காலம் முழுக்க இந்தச் சண்டை நடந்திருக்கிறது.

'அடைக்கலம்' என்ற பெயர் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா என்ற கேள்வியை ஊர் வரலாறு எழுதுகிறவர் கேட்டே ஆக வேண்டும். ஒரு மகானின் வரலாற்றை மட்டும் எழுதினால் இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடலாம். ஊரின் வரலாற்றை எழுதினால் தாண்ட முடியாது. யார் எங்கே நின்றார்கள், யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று எழுதித்தான் ஆக வேண்டும். ஊர் வரலாறு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன செய்யலாம்?

பழைய கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவது எங்கள் பக்கம் எல்லா மதத்துக்கும் பொதுவான பழக்கம். கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டுவதும் அப்படியே. காகிதத்தைக் கரையானும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். அதனால் கால அவகாசம் நிறைய இல்லை. எனக்குத் தோன்றியவை:

1. நூறு ஆண்டு தாண்டிய பதிவேடுகளை மட்டும், பங்குத்தந்தையிடமும் மறைமாவட்டத்திடமும் முறையாக அனுமதி வாங்கி, படம் எடுத்து வைக்கலாம். இன்று எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன் இருக்கிறது. செலவு பெரிதாக இல்லை. சமீபத்திய பதிவேடுகளைத் தொடவே கூடாது. அது உயிரோடு இருப்பவர்களின் சொந்த விஷயம்.

2. கல்லறைக் கல், மணி, பழைய சுரூபத்தின் பீடம், கிணற்றுச் சுவர், எங்கே எழுத்து இருந்தாலும் எழுதி எடுக்க வேண்டும். ஒரு கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமின் பத்து நாள் வேலை இது.

3. எழுபது, எண்பது வயது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். உபதேசியார் குடும்பங்கள் எவை, தேர் யார் செய்தது, பஞ்சத்தில் கோயிலில் கஞ்சி ஊற்றினார்களா, எந்தத் தெருவுக்கு எப்போது கோயிலில் சம இடம் கிடைத்தது.

'இதெல்லாம் சோறு போடுமா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். போடாதுதான். 1816-ல் எல்லிஸ் துரை, முத்துசாமிப் பிள்ளை என்ற அறிஞரைப் பெஸ்கியின் நூல்களைத் தேடி வரச் சொல்லித் தெற்கே ஊர் ஊராக அனுப்பினார். அப்போதும் யாராவது இதையேதான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அலைந்து திரிந்து 1822-ல் முனிவரின் வரலாற்றை எழுதினார். முனிவர் பேரில் இன்று நாம் சொல்லும் பல செய்திகளுக்கு அதுதான் மூலம். ஊருக்கு அப்படி ஒரு முத்துசாமிப் பிள்ளை இன்னும் வரவில்லை.

அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? சிமெண்ட் ஆலை. 1956 ரயில் விபத்து. கொஞ்சம் படித்தவர் என்றால் கங்கைகொண்ட சோழபுரம். பெரம்பலூர் என்றால் ரஞ்சன்குடிக் கோட்டை, மக்காச்சோளம், பருத்தி. 'பின்தங்கிய மாவட்டம்' என்ற முத்திரை வேறு. நமக்கே நம் ஊரைப் பற்றி ராஜேந்திர சோழனுக்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஒரு நினைப்பு. நடுவில் ஓர் ஆயிரம் ஆண்டு யாருமே இங்கே வாழவில்லையா?

பரமார்த்த குரு கதையில் ஆறு தாண்டும் பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் அக்கரை ஏறியதும் ஆள் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஒரு ஆள் குறையும். ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொள்ளிடம்தான் கண்ணில் வரும். நாமும் இத்தாலியில் இருந்து வந்தவரை எண்ணுகிறோம், நிலம் கொடுத்த மழவராயரை எண்ணுகிறோம், துரையை எண்ணுகிறோம், ஆயரை எண்ணுகிறோம். கணக்கில் ஒரு ஆள் குறைகிறது.

பெரம்பலூர், அரியலூர் நண்பர்களே, உங்கள் ஊரில் கோயிலோ, மாதா கோயிலோ, பள்ளிவாசலோ, அங்கே நூறு ஆண்டு பழைய நோட்டோ கல்லோ இருந்தால், யார் பொறுப்பில் இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று இந்த விடுமுறையில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மற்ற ஊர்க்காரர்களும்தான்.